ஓடைக்கு மேல் ஒரு பாலம்

பங்குனி 10

அன்பு மகள் கயல்விழிக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மூன்று பைப்பைப் பதித்து மேலே மண்ணைக் கொட்டினால் பத்து நாளில் முடிகிற வேலைக்கு, ஓடைமேல் பாலம் கட்ட எதற்கு 9 லட்சம் என்று மாப்பிள்ளை கேட்டதாகப் போன ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். கேட்டதில் தவறில்லை. பாதிப் பணம் நீங்கள் அனுப்பியது. நாளைக்கு இந்தத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளப் போகிறவளும் நீதான். போனில் அரைகுறையாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

உன் அப்பா இருந்தவரை ஓடைக்குக் குறுக்கே இரண்டு பனந்தடிகள்தான் கிடந்தன. ஆட்கள் அதன்மேல் நடப்பார்கள். வண்டியும் டிராக்டரும் தண்ணீரில் இறங்கி ஏறும். உன் திருமணத்துக்குப் பிறகுதான் இரண்டடி விட்டமுள்ள சிமெண்டுக் குழாய்கள் இரண்டைப் பதித்து, மண் நிரப்பி, பாதை போட்டோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை உனக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது என்று செய்தியில் பார்த்துவிட்டு நீ பதறிப்போய் அழைத்தாயே, அந்த மழைதான். மேற்கே மலையிலிருந்து இறங்கிய தண்ணீர் தென்னை மட்டைகளையும் முள் மரங்களையும் இழுத்துவந்து குழாய் வாயில் சொருகியது. வழி அடைபட்ட தண்ணீர் பாதைக்கு மேலே ஏறி, கிழக்கு ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு மண்ணைக் கரைத்தது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு சாண் ஒரு முழமாகி, வண்டி போகும் அகலமாவதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை. குழாய்கள் உடையவில்லை, சுற்றியிருந்த மண் போனபிறகு உருண்டு போய், கீழ்த் தோட்டத்து வயலில் கிடந்தன. பதினாறு நாள் தேங்காய் வெட்ட முடியாமல் கிடந்ததும் அந்த முறைதான்.

ஆகவே இந்த முறை முதலில் தண்ணீரைக் கணக்கிட்டேன். முப்பது வருடம் கணக்கு வாத்தியாராக இருந்தது எதற்கு? நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடத்தில் நம் ஓடைக்குத் தண்ணீர் வரும் பரப்பைப் பென்சிலால் வளைத்து, மேலே ஒரு செ.மீ. கட்டத்தாளை வைத்து எண்ணினேன். எட்டுக் கட்டம் வந்தது. ஒரு கட்டம் கால் சதுர கி.மீ., ஆக 2 சதுர கி.மீ. சென்னை மாகாணத்துக்கென்று 1884-இல் ரைவ்ஸ் என்ற பொறியாளர் தந்த வெள்ளக் கணக்குச் சூத்திரத்தை இன்றும் நம் பொறியாளர்கள் பயன்படுத்துகிறார்கள். சதுர கி.மீ. பரப்பை மூன்றில் இரண்டு என்ற அடுக்குக்கு உயர்த்தி (வர்க்கத்தின் கனமூலம்), ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். மலையடிவாரத்துக்கு அந்த எண் 10.2. பெருவெள்ளத்தில் வரும் தண்ணீர் நொடிக்கு 16 கன மீட்டர், அதாவது 16,000 லிட்டர் என்று விடை வந்தது. 12,000 லிட்டர் டேங்கர் லாரி ஒன்றை நொடிக்கு ஒரு முறை கவிழ்த்தால்கூட அவ்வளவு தண்ணீர் வராது. மாப்பிள்ளை சொல்கிற மூன்றடி விட்டக் குழாய்கள் மூன்றையும் சேர்த்தால் வாய்ப்பரப்பு 2 சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு. மட்டை எதுவும் அடைக்காமல் வேகமாக ஓடினாலும் அந்தத் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குதான் போகும். மீதி எங்கே போகும் என்பதை நான் வரப்பில் நின்று ஒருமுறை பார்த்துவிட்டேன்.

அதனால்தான் நடுவில் தூணே இல்லாமல், 5 மீட்டர் இடைவெளியில் இரண்டு கரைச்சுவர்கள் எழுப்பி, மேலே கான்கிரீட் தளம் போடுகிறோம். தண்ணீர் 1.2 மீட்டர் உயரம் வரை போகும் என்று வைத்து, அதற்கு மேலும் 60 செ.மீ. சும்மா விட்டிருக்கிறோம், மிதந்து வருகிற மரத்தடி இடிக்காமல் போக வேண்டுமே. தரைப்பாலம் போட்டால் செலவு பாதியாகும் என்று பொறியாளரே சொன்னார். ஆனால் வெள்ளம் வடியும்வரை அந்தப் பக்கம் போக முடியாது. பசுக்கள் அந்தப் பக்கத் தொழுவத்தில் நிற்கின்றன. பழைய லாரிச் சேசிஸ் (அடிச்சட்டம்) இரண்டு தருகிறேன், பாலமாகப் போட்டுக்கொள்ளலாம் என்று ஒருவர் வந்தார். தேங்காய் ஏற்றிய இரண்டு அச்சு லாரி சட்டப்படியே 18.5 டன் வரை இருக்கலாம் என்றேன். அதன்பிறகு அவர் வரவில்லை.

இடத்தையும் மாற்றியிருக்கிறோம். பழைய இடம் ஓடை வளைகிற முனை; வளைவின் வெளிக்கரையைத் தண்ணீர் அரித்துக்கொண்டே இருக்கும். நாற்பது அடி மேலே ஓடை நேராக ஓடுகிறது. அங்கே குழி தோண்டியபோது மூன்றடியில் கெட்டிச் செம்மண் வந்தது. ஒப்பந்தக்காரர் அஸ்திவாரத்துக்கு அதுவே போதும் என்றார். நான் சம்மதிக்கவில்லை. வெள்ளம் ஓடும்போது ஓடையின் அடியைத் தோண்டிவிட்டு, வடியும்போது மணலைக் கொண்டுவந்து நிரப்பிச் சமமாக்கிவிட்டுப் போகும். வெயில் காலத்தில் பார்க்கிறவருக்குத் தோண்டிய ஆழம் தெரியாது. ஐந்தரை அடியில் பாறை தட்டியது. அதன்மேல்தான் அஸ்திவாரம் உட்கார்ந்திருக்கிறது.

மூன்று மாதத் தாமதத்துக்குக் காரணம் அனுமதி. இரு கரையும் நம் பட்டா. ஓடை மட்டும் புறம்போக்கு. நில எல்லைகளைக் காட்டும் புலப்படத்தில் அது தெளிவாக இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் தொடங்கி நீர்வளத் துறை வரை மனு போய்த் திரும்பியது. இதற்கிடையே, இந்த ஓடைத் தண்ணீர் போகும் குளத்தின் பாசனக்காரர்கள், பாலம் கட்டித் தண்ணீரை மறித்துவிடுவீர்களோ என்று கேட்டு வந்தார்கள். டேப்பை அவர்கள் கையிலேயே கொடுத்து, ஓடையின் அகலம் ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை என்று அளந்து பார்க்கச் சொன்னேன். அளந்துவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார்கள்.

நேற்றுக் கம்பி கட்டி முடிந்தது. குனிந்து பார்த்தால், கம்பிகளுக்கு அடியில், அவற்றைப் பலகையிலிருந்து உயர்த்தி வைக்கும் கவர் பிளாக் என்ற சிறு கட்டைக்குப் பதிலாக உடைந்த ஜல்லியைச் சொருகியிருக்கிறார்கள். கம்பிக்கும் பலகைக்கும் நடுவே 40 மி.மீ. இருக்க வேண்டும், ஸ்கேலை வைத்தேன், ஓர் இடத்தில் 15 இருந்தது. அப்படியே கான்கிரீட் ஊற்றினால் அந்த இடத்தில் ஈரம் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும், தளம் அடியிலிருந்து உதிரும். எல்லாவற்றையும் எடுத்து மாற்றச் சொன்னேன். கொத்தனாருக்கு என்மேல் கோபம். இன்று காலை டீ வாங்கிக் கொடுத்தேன், பேசிவிட்டார்.

பங்குனி 14 அன்று கான்கிரீட் போடுகிறார்கள். தளத்தை அடியில் தாங்கும் முட்டுகளை 14 நாள் எடுக்கக் கூடாது. வண்டி ஏற 28 நாள் ஆக வேண்டும். நீங்கள் சித்திரை முதல் தேதி வரும்போது முட்டு பிரித்திருப்போம், ஆனால் நாள் கணக்கு முடிந்திருக்காது. ஆகவே காரை இந்தப் பக்கம் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். மாப்பிள்ளையிடம் இப்போதே சொல்லி வை. பிள்ளைக்குப் பழைய செருப்பு ஒன்று கொண்டுவா, ஓடையில் இறங்காமல் இருக்க மாட்டான்.

அன்புடன்,
அம்மா