பூட்டுப் பல்லும் கிராம்பு ஆணியும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பூண்டுப் பல் கிராம்பைப் போலச் சிறிதாக இருப்பதால் இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ‘க்ளோவ்’ என்று பெயர் வந்ததாகச் சென்ற இதழின் சொற்கதைப் பகுதியில் எழுதியிருந்தீர்கள். மாறாமலையில் கிராம்பு பறிப்பதையும் காயவைப்பதையும் பார்த்து வளர்ந்தவன் நான். பூட்டுப் பல்லைப் பார்த்து (எங்களுக்குப் பூண்டு பூடுதான்) இங்கே யாருக்கும் கிராம்பு ஞாபகம் வந்ததில்லை.

அவை இரண்டும் வெவ்வேறு சொற்கள். காலப்போக்கில் எழுத்தும் ஒலியும் ஒன்றாகிவிட்டன, அவ்வளவுதான்.

கிராம்பைக் குறிக்கும் ‘க்ளோவ்’ பிரெஞ்சு வழியாக வந்தது. பிரெஞ்சில் ‘க்ளூ’ என்றால் ஆணி. அதற்கு மூலம் ‘கிளாவுஸ்’ என்ற லத்தீன் சொல். ஸ்பானிஷ்காரர் ஆணியையும் ‘கிளாவோ’ என்பார், கிராம்பையும் ‘கிளாவோ’ என்பார். ஜெர்மானியரின் ‘நெல்கெ’க்கும் சின்ன ஆணி என்றுதான் பழைய பொருள். காய்ந்த கிராம்பு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள், குண்டுத் தலையும் நீண்ட தண்டுமாக அச்சு அசல் ஆணி. அந்தத் தலை விரியாத மொட்டு. பச்சை மாறிச் சிவப்பு ஏறத் தொடங்கும்போதே ஏணி வைத்துப் பறித்துவிட வேண்டும். பூத்துவிட்டால் இதழ் உதிர்ந்து ஆணிக்குத் தலை இருக்காது, விலையும் இருக்காது.

கிழக்கிந்தியக் கம்பெனி 1800 வாக்கில் குற்றாலத்துத் தோட்டத்தில் கிராம்பை நட்ட பிறகுதான் அந்த மரம் நம் பக்கத்து மலைகளுக்கு வந்தது. ஆங்கிலச் சொல்லோ அதற்குப் பல நூற்றாண்டு மூத்தது. 2021இல் கன்னியாகுமரிக் கிராம்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எங்களுக்கு ஏற்பட்ட பெருமையைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

பூட்டின் ‘க்ளோவ்’ ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு. பிளப்பது என்ற பொருள் தரும் ‘க்ளீவ்’ என்ற வினைச்சொல்லுக்கு உறவு. ஆட்டின் பிளந்த குளம்பை ‘க்ளோவன்’ என்பதும், கம்பத்தில் இரண்டு சுற்றாகக் கயிற்றைப் போடும் முடிச்சை ‘க்ளோவ் ஹிட்ச்’ என்பதும் இந்தக் குடும்பம்தான். இதே ‘க்ளீவ்’ என்ற எழுத்தில் ஒட்டிக்கொள்வது என்ற நேரெதிர்ப் பொருளும் உண்டு. அது இன்னொரு பழைய வினைச்சொல்லிலிருந்து வந்தது. ஆதியாகமத்தில் புருஷன் மனைவியோடே ‘இசைந்திருப்பான்’ என்று தமிழ் வேதாகமம் சொல்லும் இடத்தில் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பில் இருப்பது ‘க்ளீவ்’. பிளப்பதற்கும் சேர்வதற்கும் ஒரே எழுத்துக்கூட்டு!

ஆங்கிலேயர் பிளவைப் பார்த்த இடத்தில் நாம் பல்லைப் பார்த்தோம். கிராம்போ பல்வலிக்கு வைத்துக் கடிக்கிற சாமான். ஆக, குழப்பத்துக்கு நம் வீட்டிலும் வழி இருக்கிறது. இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் என் பேத்தி, போனில் பார்த்த சமையல் குறிப்பில் ‘ஆறு க்ளோவ்’ என்றிருந்ததை நம்பிக் கோழிக்கறியில் ஆறு கிராம்பைத் தட்டிப் போட்டுவிட்டாள். கேட்டது ஆறு பல் பூடு. “நாக்கு மரத்துப்போச்சு தாத்தா” என்று அவளே முதலில் ஒத்துக்கொண்டாள். மீதிக் கறியை மறுநாள் தேங்காய்ப்பால் விட்டு ஒருவாறு தேற்றினோம்.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். அப்படியே படத்தையும் மாற்றிவிடுங்கள்; நீங்கள் போட்டிருப்பது விரிந்துபோன பூ.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பூதப்பாண்டி, கன்னியாகுமரி மாவட்டம்