அந்த வயர் போனுக்கு நன்றி

அமெரிக்காவின் பஃபலோ நகரில் இருக்கும் அன்பு உள்ளங்களுக்கு,

அப்பா அம்மா வீட்டில் நேற்று கரன்ட் வந்துவிட்டது. அந்த நிம்மதியில் சென்னையிலிருந்து எழுதுகிறேன்.

நடந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். பனி நம் பஃபலோவுக்குப் புதிதா என்ன? ஆனால் 2006 அக்டோபர் 12, 13-இல், மரங்களில் இலைகூட உதிராத நேரத்தில், ஈரப்பனி 22.6 அங்குலம் கொட்டினால் எந்தக் கிளைதான் தாங்கும்? அங்கே வியாழன் ராத்திரி, இங்கே வெள்ளி காலை. செய்தி பார்த்ததும் பஃபலோவை ஒட்டிய ஆம்ஹர்ஸ்டில் இருக்கும் அப்பா அம்மா வீட்டுக்கு போன் அடித்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. மறுபடி மறுபடி அடித்தும் அதே கதை. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. மனம் எங்கெங்கோ போனது.

வீட்டில் இருந்தது கார்ட்லெஸ் போன். கரன்ட் போனதும் அது வேலை செய்யவில்லை. லைன் நன்றாகத்தான் இருந்திருக்கிறது. பழைய வயர் போனுக்கு வீட்டுக் கரன்டே தேவையில்லை. அது எதிர்வீட்டுப் பெரியவருக்குத் தோன்றியிருக்கிறது. முறிந்து கிடந்த கிளைகளைச் சுற்றிக்கொண்டு தெருவைத் தாண்டி, தன் வீட்டு வயர் போனைக் கோட்டுக்குள் வைத்து எடுத்து வந்தாராம். டார்ச்சை அப்பா பிடிக்க, சோபாவை நகர்த்தி அவரே சுவரில் மாட்டியிருக்கிறார். டயல் டோன் வருகிறதா என்று காதில் வைத்துப் பார்த்துவிட்டு, "முதலில் உங்கள் பிள்ளையைக் கூப்பிடுங்கள்" என்று அம்மாவிடம் நீட்டினாராம்.

"நாங்க நல்லா இருக்கோம்ப்பா, நீ ஆபீசுக்குப் போ" என்றார் அம்மா. நான் அழுதுவிட்டேன்.

அந்த மனிதரோடு நான் கையசைத்ததற்கு மேல் பழகியதில்லை. என்னைப் பெற்றவர்களின் குரலைக் கொடுத்தவருக்கு என்ன சொல்வது? இதை அவருக்கு ஆங்கிலத்தில் படித்துக் காட்டுவதாக அப்பா சொல்லியிருக்கிறார்.

கரன்ட் இல்லாமல் பம்ப் நின்று பேஸ்மென்டில் ஏறிய தண்ணீரை வாளி வாளியாக இறைத்த தம்பிகளுக்கும், வண்டி ஓட்டத் தடை நீங்கியதுமே ரசமும் சாதமும் கொண்டுவந்த குடும்பங்களுக்கும், ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைக்கவே கூடாது என்று அப்பாவைத் தடுத்த நண்பருக்கும் நன்றி. கிட்டத்தட்ட 4 லட்சம் மின் இணைப்புகளை ஒவ்வொன்றாகச் சரிசெய்யக் குளிரில் கம்பம் ஏறியவர்களுக்கு, அதிலும் வெளி ஊர்களிலிருந்து வந்தவர்களுக்கு, என் கும்பிடு.

அப்புறம் ஒன்று. கார்ட்லெஸ் மட்டுமே இருக்கும் நம் பெரியவர்கள் வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு வயர் போன் வாங்கித் தரப்போகிறேன். வேண்டும் என்பவர்கள் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த பனிக்கு முன் வந்து நானே மாட்டித் தருகிறேன்.