'கலந்துகொண்டனர்' என்று ஒரே வரியா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

சென்ற இதழில், கிறிஸ்தவ பக்தியைத் தட்டியெழுப்ப அமெரிக்காவில் நடந்த எழுப்புதல் கூட்டங்களைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். 1801-இல் கென்டக்கி மாநிலத்துக் கேன் ரிட்ஜில் கூடிய கூட்டத்துக்கு ஒரு பக்கம், சார்லஸ் ஃபின்னியின் பிரசங்கத்துக்கு இரண்டு பக்கம், கடைசியில் 'கறுப்பின மக்களும் இதில் கலந்துகொண்டனர்' என்று ஒரே வரி. கலந்துகொள்ள அவர்களை எங்கே விட்டார்கள் ஐயா?

பிலடெல்பியாவில் செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியாததல்ல. தரை போடவும் மாடம் கட்டவும் அந்த மக்களும் காசு கொடுத்திருந்தார்கள். ஆனாலும் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்த கறுப்பினத்தவரான அப்சலோம் ஜோன்ஸைச் சபை நிர்வாகி ஒருவர் பிடித்துத் தூக்கினார், ஜெபம் முடியும்வரை பொறுங்கள் என்று அவர் சொல்லியும் விடவில்லை. அப்புறம் எல்லோருமாக எழுந்து வெளியேறினார்கள். அவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஆலன், பழைய கொல்லன் பட்டறை ஒன்றை வாங்கிக் குதிரை பூட்டி இழுத்துவந்துதான் 1794-இல் பெத்தேல் ஆலயத்தை உண்டாக்கினார். 1816-இல் அது தனிச் சபையாகவே வளர்ந்தது.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்தவன் அல்ல. ஒன்பது வயதில் எங்கள் ஊர்க் கிறிஸ்தவக் கோயிலில் எங்களைப் பிரித்து வைத்த நடுக்கம்பியைத் தாண்டிப்போய் முன்பாயில் முழங்கால் போட்டுவிட்டேன். ஜெபம் நடக்கும்போதே கோயில்பிள்ளை (ஆலயப் பணியாளர்) தோளைப் பிடித்து இழுத்ததில் சட்டைப் பித்தான் தெறித்து எங்கோ ஓடிவிட்டது. அன்றிரவு அம்மா வேறு நிறப் பித்தான் வைத்துத் தைத்துக் கொடுத்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

பெண்களுக்கு உங்கள் கட்டுரையில் அந்த ஒரு வரியும் கிடையாது. ஜரீனா லீ என்ற கறுப்பினப் பெண் பிரசங்கிக்க அனுமதி கேட்டபோது ஆலனே முதலில் மறுத்தார், 1819-இல்தான் இசைந்தார். ஒரே ஆண்டில் 2,325 மைல் பயணம் செய்து 178 பிரசங்கம் செய்த பெண் அவர். போன வருடம் அடிமை ஒழிப்புக் கட்டுரையில் சோஜர்னர் ட்ரூத் படத்தைப் போட்டு, 'கறுப்பினப் பெண் ஒருவர்' என்று அடியில் எழுதியிருந்தீர்கள். 1843-இல் அவர் தானே தனக்கு வைத்துக்கொண்ட பெயர் அது. தன் படத்தின் கீழ் அந்தப் பெயரை அச்சிட்டு விற்றுத்தான் பிழைத்தார். அப்போதே கடிதம் எழுதினேன், பதில் இல்லை.

முப்பது வருடம் பிள்ளைகளுக்கு வரலாறு சொல்லிக்கொடுத்தவன் நான். உங்கள் பத்திரிகையை வகுப்புக்கு எடுத்துப்போய் வாசித்துக் காட்டியிருக்கிறேன், அதனால்தான் மனசு இவ்வளவு வலிக்கிறது. அடுத்த இதழில் திருத்தம் என்று போட்டு இந்த நான்கு பெயர்களையும் அச்சிடுங்கள், ஆறு வரி போதும்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி மாவட்டம்