ரெட்டை ஜடை போட்டுவிட்ட அக்காவுக்கும், மத்த எல்லாருக்கும்

ஆபரேஷன் முடிஞ்சு இன்னைக்கு ஒன்பதாவது நாள். இடது கை பவுச்சுக்குள்ள கெடக்கு, வலது கைல போனை புடிச்சுகிட்டே டைப் பண்ண முடியாதுன்னு பாதிய வாய்ல சொல்லி எழுத வைக்கிறேன், அது ஷோல்டர்னு சொன்னா சோழர்னு எழுதுது, அதனால எங்கயாவது சோழர் வந்தா நீங்களே தோள்பட்டைன்னு படிச்சுக்கங்க.

என்ன நடந்துச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. அந்த மின்னொளி கபடி மேட்ச் வீடியோதான் பொங்கல் முடிஞ்சு ரெண்டு வாரம் எல்லா குரூப்லயும் சுத்துச்சே. நான் மட்டும் இன்னும் அதை முழுசா பாக்கல. சத்தத்தை ஆஃப் பண்ணிட்டு ஒரு தடவை பாத்தேன், ரைடு வந்த பொண்ணோட காலை நான் புடிக்கிறதும் கை பின்னாடி போறதும் வரைக்கும். அதுக்கு மேல வேணாம்னு வச்சிட்டேன். தோள் மூட்டு வெலகி எறங்கினது அது மூணாவது தடவை, அது நெறைய பேருக்கு தெரியாது.

எல்லாருக்கும் நன்றி சொல்லணும். ஆனா முதல்ல ஒருத்தங்களுக்கு சொல்லிடுறேன், அவங்க இதை படிப்பாங்களான்னே தெரியல.

ஸ்கேனுக்கு முன்னாடி டாக்டர பாத்தப்போ அவரு ப்ரிஸ்கிரிப்ஷன் பேப்பர் பின்னாடி படம் வரைஞ்சு காட்டுனாரு. தோள்பட்டை மூட்டு இடுப்பு மூட்டு மாதிரி ஆழமான குழி கிடையாதாம், சாசர் மேல எலுமிச்சம்பழத்த வச்ச மாதிரியாம். அந்த சாசரோட விளிம்ப சுத்தி ரப்பர் வாஷர் மாதிரி ஒன்னு இருக்கும், லேப்ரம்னு பேரு, மூணு தடவை எறங்கியிருக்குறதால அது முன்பக்கம் கிழிஞ்சிருக்கும்னு நினைக்கிறேன், எலும்பும் தேஞ்சிருக்கான்னு பாக்கணும், ரொம்ப தேஞ்சிருந்தா வேற மாதிரி ஆபரேஷன், பக்கத்துல இருக்குற எலும்பை கொஞ்சம் வெட்டி எடுத்து வைக்கணும்னாரு. இருபது இருபத்தஞ்சு வயசுக்குள்ள இந்த மாதிரி மோதி ஆடுற ஆட்டம் ஆடுறவங்களுக்கு ஒரு தடவை எறங்குனாலே திரும்ப எறங்குற வாய்ப்பு ரொம்ப அதிகமாம், உனக்கு சொல்லவே வேண்டாம்மான்னாரு. அப்புறம் கேட்டாரு பாருங்க, "நீ திரும்ப கபடி ஆடணுமா? ஆடலைன்னா எக்சர்சைஸ் பண்ணி தோளை பலப்படுத்திட்டு ஆபரேஷன் இல்லாம ஓட்டிப் பாக்கலாம். ஆடணும்னா ஆபரேஷன் பண்றதுதான் நல்லது. அதை நீதான் சொல்லணும். அவசரம் இல்ல, ஸ்கேன் எடுத்துட்டு வா."

நான் அப்பாவ பாத்தேன். அப்பா சுவத்துல இருந்த காலண்டர பாத்தாரு.

ஏன்னா அடிபட்டதுல இருந்து அந்த பதினோரு நாளா வீட்ல ஓடுன பேச்சு எதுலயுமே இந்த கேள்வி கிடையாது. பெரியப்பா கட்டு வைத்தியர்கிட்ட போலாம்னாரு. அத்தை, கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு, தோள்ல தழும்போட நாளைக்கு எப்படின்னாங்க (சாவித்துவாரம் மாதிரி மூணு ஓட்டைதான் அத்தை, மச்சம் மாதிரி இருக்கு, வந்து பாருங்க). கோச் சார் ஸ்ரேயாஸ் ஐயர் கதைய சொன்னாரு, 2021 மார்ச்ல புனேல இங்கிலாந்து கூட ஆடுறப்போ தோள் எறங்குச்சு, ஏப்ரல்ல ஆபரேஷன், செப்டம்பர்ல ஐபிஎல் ஆடிட்டாருன்னு. உண்மைதான் சார், ஆனா அவருக்கு எல்லாமே பக்கத்துல இருக்கும், எனக்கு பிசியோதெரபிக்கு போக ரெண்டு பஸ் மாறணும். அம்மா ஒன்னும் சொல்லல, மில்லுல நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்து எனக்கு சோறு ஊட்டிட்டு தூங்குவாங்க. நானும் எது கேட்டாலும் "உங்க இஷ்டம்"னுதான் சொல்லிட்டிருந்தேன். உங்க இஷ்டம்னு சொல்றது எவ்ளோ ஈசி தெரியுமா, நாளைக்கு எது தப்பா போனாலும் நம்ம தலைல விழாது.

இப்ப அந்த அக்காவுக்கு வரேன்.

எம்ஆர்ஐ ரூமுக்கு போறதுக்கு முன்னாடி ஒரு சின்ன ரூம்ல உடம்புல இருக்குற உலோகம் எல்லாத்தையும் கழட்டணும்னாங்க. கொலுசு, வளையல், ஹேர்பின், மூக்குத்தி எல்லாம். அப்பா வெளிய நிக்குறாரு, அம்மா மில்லுல. ஒரு கைய வச்சுகிட்டு கொலுச கூட எப்படியோ கழட்டிட்டேன். மூக்குத்தி திருகாணி வரவே இல்ல. ஒரு கையால மூக்குத்திய புடிச்சாதான இன்னொரு கையால திருக முடியும்? கண்ணுல தண்ணி வந்துருச்சு, வலியில இல்ல, எரிச்சல்ல. அப்போ அந்த ரூம மாப் போட்டுகிட்டிருந்த அக்கா, நீல யூனிபார்ம் கோட்டு, உள்ள சேலை, மாப்ப சுவத்துல சாத்தி வச்சிட்டு வந்தாங்க. ஒன்னும் கேக்கல. குழாயில கைய சோப்பு போட்டு கழுவிட்டு, சேலைல தொடச்சிட்டு, ரெண்டு விரலால மூக்குக்குள்ள திருகாணிய அழுத்தி வெளிய மூக்குத்திய லேசா ஆட்டுனாங்க, வந்துருச்சு. சேலை முந்தில மூக்குத்தியயும் திருகாணியயும் வச்சு முடிச்சு போட்டாங்க. அப்புறம் என் தலைல கைய விட்டு பின்னு ஒவ்வொன்னா எடுத்தாங்க. அம்மா அவசரத்துல கொண்டை போட்டு ஏழு பின்னு குத்தி விட்டிருந்தாங்க. ஏழையும் எண்ணி என் பைல போட்டாங்க. "போய்ட்டு வா, நான் இங்கதான் இருப்பேன்"னாங்க.

உள்ள அரை மணி நேரத்துக்கு மேல அசையாம படுக்கணும், யாரோ தலைமாட்டுல நின்னு தகரத்த தட்டுற மாதிரி சத்தம். அப்பெல்லாம் என் மூக்குத்தி ஒருத்தங்க முந்தானைல இருக்குன்னு மட்டும் நினைச்சுகிட்டேன். எதுக்கு அப்படி நினைச்சேன்னு கேக்காதீங்க.

வெளிய வந்தா சொன்ன மாதிரியே நின்னாங்க. மூக்குத்திய போட்டுவிட்டாங்க. தலைய பாத்துட்டு "எத்தன நாளாச்சு எண்ணெ வச்சு"ன்னு ஒரு திட்டு. ஸ்டூல்ல உக்கார வச்சு, அவங்க பைல இருந்து பச்ச கலர் சீப்பு எடுத்தாங்க, ஒரு ஓரத்துல நாலு பல்லு இல்ல. சிக்கெடுக்க ஆரம்பிச்சாங்க. நுனில இருந்து மேல, மேல இருந்து இல்ல, வலிக்காத மாதிரி. பவுச்ச பாத்து "எப்படி ஆச்சு"ன்னு கேட்டாங்க. கபடின்னேன். அடடான்னு சொல்வாங்க, பொம்பள புள்ளைக்கு இதெல்லாம் தேவையான்னு சொல்வாங்கன்னு ரெடியா இருந்தேன்.

"எந்த பக்கம் நிப்ப?"

லெஃப்ட் கார்னர்னேன். அவங்க வீட்டுக்காரரு சின்ன வயசுல ஆடுவாராம், அவரும் கார்னர்தானாம், ஆனா வலது பக்கம். சரின்னு தலைய வகிடெடுத்துட்டே கேட்டாங்க, "மேட்சுக்கு போறப்போ எப்படி போடுவ?"

நான் ஒரு நிமிஷம் பேசல. பதினோரு நாள்ல மேட்சுக்கு "போறப்போ"ன்னு சொன்ன மொத ஆளு அவங்கதான். எல்லாரும் போனப்போ, ஆடுனப்போ, அன்னைக்குன்னுதான் பேசுனாங்க. நானும் அப்படித்தான் பேசிட்டிருந்தேன் போல.

"ரெட்டை ஜடை, மடிச்சு கட்டணும், இறுக்கமா" அப்படின்னேன். போட்டாங்க. இறுக்கம்னா அப்படி ஒரு இறுக்கம், புருவம் மேல தூக்கிக்கிச்சு. ரிப்பன் இல்லன்னு யூனிபார்ம் பாக்கெட்ல இருந்த ரெண்டு ரப்பர் பேண்ட எடுத்து கட்டுனாங்க. மருந்து கவர் மேல போடுற ரப்பர் பேண்ட். அவ்ளோதாங்க, பத்து நிமிஷம் இருக்கும். வெளிய யாரோ கூப்புட்ற சத்தம் கேட்டுச்சு, மாப்ப எடுத்துட்டு போய்ட்டாங்க. போறப்போ நான் இதை ஸ்டேட்டஸ்ல போடுவேன்க்கான்னேன், "பேர கீர போட்றாத தாயி, பேஷன்ட் கூட உக்காந்து பேசுனேன்னு சூப்பர்வைசர் திட்டுவாங்க"ன்னாங்க. அதான் பேரு இல்ல, ஆஸ்பத்திரி பேரும் இல்ல.

அப்பா என்னை பாத்ததும் மொத கேள்வி, "என்ன, மேட்சுக்கு போற மாதிரி இருக்க?"

பஸ் ஸ்டாண்ட் டீக்கடைல வச்சு சொன்னேன். ஆடணும்பா. ஆபரேஷன் பண்ணிக்கலாம். இது உங்க இஷ்டம் இல்ல, என் இஷ்டம். திரும்ப எறங்காதுன்னு கேரண்டி இல்லன்னு டாக்டர் சொன்னது தெரியும், ஆறு மாசம் யாரையும் தொட்டு ஆடக் கூடாதுன்னு தெரியும், கை முன்ன மாதிரி முழுசா வெளிப்பக்கம் திரும்பாம கூட போகலாம்னும் தெரியும், எல்லாம் தெரிஞ்சுதான் சொல்றேன்னு ஒரே மூச்சுல கொட்டிட்டேன். அப்பா டீய ஆத்துனாரு, ஆத்துனாரு, ஆறுன டீய இன்னும் ஆத்துனாரு. "சரி, லீவு சொல்லிக்கிறேன்"னாரு. ரிப்போர்ட் வந்தப்போ லேப்ரம் கிழிஞ்சிருக்கு, எலும்பு பெருசா தேயலன்னு இருந்துச்சு, அது என் அதிர்ஷ்டம். ஆனா ரிப்போர்ட்டுக்கு முன்னாடியே நான் முடிவு பண்ணியாச்சு, அதையும் எழுதி வச்சிக்கிறேன்.

மத்தவங்க எல்லாரும் கோச்சுக்காதீங்க, உங்களுக்கும் அதே அளவு நன்றி, இடம்தான் கம்மியா இருக்கு. உண்டியல் குலுக்காத குறையா காசு சேத்த நம்ம டீம் புள்ளைங்க, காப்பீட்டு கவுன்டர்ல கார்டுல எது வரும் எது வராதுன்னு அப்பாவுக்கு மூணு தடவை சலிக்காம சொன்ன அண்ணன், படம் வரைஞ்சு காட்டுன டாக்டர் (அந்த பேப்பர பத்திரமா வச்சிருக்கேன் சார்), மயக்க மருந்து குடுக்குறப்போ கைய புடிச்சுகிட்ட சிஸ்டர், அன்னைக்கு ராத்திரி பூரா கை மரத்து போய் அது யாரோ கை என் மேல கெடக்குற மாதிரி இருந்தப்போ பயப்படாதம்மா ஊசி வேலை பாக்குது காலைல வந்துரும்னு சொன்ன பக்கத்து பெட் பாட்டி, ஆட்டோவ பள்ளத்துல விடாம ஊர் வரைக்கும் நத்தை மாதிரி ஓட்டிட்டு வந்த மாமா. அப்புறம் அந்த ரைடு வந்த பொண்ணு. அன்னைக்கு உன் டீம் ஜெயிச்ச பிறகும் நீ கப்பு வாங்க மேடைக்கு போகாம என் கூட ஆம்புலன்ஸ் பக்கத்துல நின்னியாம், எனக்கு நினைவே இல்ல, மத்தவங்க சொல்லித்தான் தெரியும். உன் மேல தப்பே இல்லடி. நான்தான் பிடிய விட்டிருக்கணும், கை நீட்டி தனியா புடிக்கக் கூடாதுன்னு சார் ஆயிரம் தடவை சொல்லியிருக்காரு, மத்தவங்க கை கோத்து செயினா வர்ற வரைக்கும் காத்திருக்கணும்.

இப்ப என் நிலைமை: விரல், மணிக்கட்டு, முழங்கை அசைக்கலாம், தோள தொடக் கூடாது. மூணு தலகாணி வச்சு சாஞ்சு உக்காந்தே தூங்குறேன். தூக்கம் வராதப்போ 2025 அக்டோபர்ல பஹ்ரைன்ல நடந்த ஏசியன் யூத் கேம்ஸ் வீடியோவா பாக்குறேன், நம்ம கண்ணகி நகர் கார்த்திகா துணை கேப்டனா இருந்து தங்கம் வாங்குன கபடி டீம். என்னை விட சின்ன புள்ள. பொறாமையா இருக்கு, நல்ல பொறாமை. அரசு வேலைல விளையாட்டுக்கு இருக்குற 3 சதவீதம் இடஒதுக்கீட்டையும் நான் இன்னும் மறக்கல, அது அத்தைக்கு.

ஒரு சத்தியம் மட்டும் இங்க எல்லார் முன்னாடியும் பண்ணிக்கிறேன். மூணாவது மாசம் வலி போயிரும், நல்லா ஆயிட்ட மாதிரி தோணும், அப்பதான் நிறைய பேர் அவசரப்பட்டு எறங்கி திரும்ப ஒடச்சிக்கிறாங்கன்னு பிசியோ அண்ணன் சொன்னாரு. எந்த ஊர்ல எந்த திருவிழா மேட்ச் வந்தாலும், எவ்ளோ பெரிய கப்பு வச்சாலும், ஆறு மாசம் முடிஞ்சு டாக்டர் தோள புடிச்சு முறுக்கி பாத்து சரின்னு சொல்ற வரைக்கும் நான் கோட்டுக்கு வெளியதான். ஸ்கோர் எழுதறேன், தண்ணி பாட்டில் தூக்குறேன், வலது கைல. யாராவது என்னை கூப்ட்டீங்கன்னா நீங்க என் நண்பர் இல்ல.

பன்னெண்டாந்தேதி தையல் பிரிக்க அங்கதான் வரேன் அக்கா. உங்க பச்ச சீப்பு என் பைக்குள்ள அந்த ஏழு பின்னு கூடவே வந்துருச்சு, வீட்டுக்கு வந்துதான் பாத்தேன். ஆபரேஷன் அன்னைக்கே குடுக்கலாம்னு தேடுனேன், உங்களுக்கு வேற ஷிப்டுன்னாங்க. அம்மா அதை வென்னீர்ல கழுவி வச்சிருக்காங்க. காலைல இருப்பீங்களா மதியமான்னு மட்டும் தெரியல, ரெண்டு நேரமும் இருந்து பாத்துட்டு போறேன்.