பூட்டு தொங்குது, ஆள் எங்கே?

ஓசூர்,
ஞாயிறு மத்தியானம்

மாப்ள,

நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜை மூணு தடவை கேட்டேன். மூணு தடவையும் உன் மாமா மோட்டார் வைண்டிங் கடையில யாரையோ திட்டுறதுதான் தெளிவா கேட்டுச்சு. நீ சொன்னது பாதிதான் புரிஞ்சுது. தம்பி ஐடிஐ முடிச்சுட்டான், அப்ரண்டிஸா அனுப்பட்டுமா, இல்ல பைக்கை எடுத்துக்கிட்டு டெலிவரிக்குப் போறேன்னு நிக்கிறானே, விட்டுடட்டுமான்னு கேட்டிருக்க. இதை போன்ல பேசினா நாம கதை பேசியே நேரத்தை ஓட்டிடுவோம். அதான் உட்கார்ந்து எழுதுறேன். பொறுமையா படி. கடையில படிக்காத, வார்னிஷ் கையோட தாளைப் பிடிச்சு ஒட்ட வச்சிடுவ.

முதல்ல என் கதை. மூக்கண்டப்பள்ளியில ஒரு ரூம், நாலு பேர். பக்கத்து வீட்ல தெலுங்கு, எதிர் வீட்ல கன்னடம், ரூம்ல நாலு ஜில்லாத் தமிழ். மார்கழியில காலையில அஞ்சு மணிக்கு பஸ்ஸுக்கு நிக்கிறப்ப கோவில்பட்டிக்காரன் உடம்பு என்ன பாடு படும்னு யோசிச்சுக்கோ. ஸ்வெட்டர்னு ஒண்ணை என் வாழ்க்கையில இப்பதான் வாங்கியிருக்கேன். சோறு பரவாயில்ல. கம்பெனி கேன்டீன்ல சாம்பார்ல வெல்லம் போடுறான், அதை மட்டும் மன்னிக்க முடியல.

சேர்ந்து பத்து மாசம் ஆச்சு. அதுல முதல் ரெண்டு மாசத்தைக் கணக்குல எடுக்காத. மெயின்டனன்ஸ் அப்ரண்டிஸ்னு கையெழுத்து வாங்கிட்டு, லைன்ல ஆள் வரலைன்னா எங்களைத்தான் தகடு அழுத்துற பிரஸ் மிஷின்ல ஆள் கணக்குக்கு நிறுத்துனாங்க. பீஸை வை, பட்டனை அமுக்கு, எடு. ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரத்துச் சொச்சம் பீஸ். ரெண்டு வருஷம் அரம் பிடிச்சு, ட்ரை ஸ்கொயர் வச்சு வெளிச்சம் தெரியுதா தெரியலையான்னு பார்த்துப் பார்த்து ராவினவன், கடைசியில பட்டன் அமுக்குறேன். அப்புறம் எங்க பயிற்சி லாக் புக்ல எழுத ஒண்ணும் இல்லாம வெறும் பக்கமா நிக்குதுன்னு நானும் இன்னொருத்தனும் போய்க் கேட்டோம். கோவமா எல்லாம் கேட்கல, "சார், மாசக் கடைசியில கையெழுத்துக்கு எதைக் காட்டுறது?"ன்னுதான் கேட்டோம். மறுவாரம் மெயின்டனன்ஸுக்கு விட்டுட்டாங்க. கேட்டிருக்கலைன்னா இன்னும் அங்கயேதான் நின்னுருப்பேன்.

இங்க என்னைக் கையில பிடிச்சுக் குடுத்தது ஒரு சீனியர் அண்ணன்கிட்ட. தர்மபுரிக்காரர், இருபத்திரெண்டு வருஷ சர்வீஸ். வாயைத் திறந்து ஒண்ணும் சொல்லித் தர மாட்டார். கேட்டா திருப்பிக் கேள்வி கேட்பார். முதல் நாளே ஒரு பழைய பேரிங்கைக் கையில குடுத்து, "இது எந்த சைஸ் ஷாஃப்டுக்கு?"ன்னார். நான் அளக்க வெர்னியர் எடுக்கப் போனேன். "நம்பர் எழுதியிருக்கான்ல, படிக்கத் தெரியாதா?" 6205. கடைசி ரெண்டு நம்பரை அஞ்சால பெருக்கு, 25 எம்எம் ஷாஃப்ட். 04-லேர்ந்துதான் இந்தக் கணக்கு. 00 பத்து, 01 பன்னெண்டு, 02 பதினஞ்சு, 03 பதினேழு, அதை மனப்பாடம் பண்ணிக்கணும். உனக்கு இது தெரிஞ்சிருக்கும், தினமும் மோட்டார் பிரிக்கிறவன். எனக்கு ஐடிஐயில யாரும் சொல்லலடா, இல்ல சொன்ன அன்னைக்கு நாம ரெண்டு பேரும் கதிரேசன் மலையில இருந்திருப்போம்.

ஆனா ஒண்ணு உனக்கே புதுசா இருக்கும். உன் கடைக்கு எரிஞ்ச மோட்டார் மட்டும்தான் வருது. அது ஏன் எரிஞ்சுதுன்னு உனக்கு முழுக்கத் தெரியாது. ஸ்டார் கனெக்ஷன் மோட்டார்ல ரெண்டு ஃபேஸ் காயில் கருகி, ஒரு ஃபேஸ் மட்டும் புது மாப்பிள்ளை மாதிரி பளபளன்னு இருந்தா சிங்கிள் ஃபேஸிங், அதாவது மூணு ஃபேஸ்ல ஒண்ணு வராமப் போச்சுன்னு நீ பார்த்ததும் சொல்லிடுவ. அதோட உன் வேலை முடிஞ்சுது, காயிலைக் கட்டி அனுப்பிடுவ. இங்க ஒரு கூலன்ட் பம்ப் மோட்டார் அப்படித்தான் ரெண்டு மாசத்துல ரெண்டு தடவை வைண்டிங்குக்குப் போய் வந்துச்சு. எல்லாரும் வைண்டிங்காரனைத் திட்டுனாங்க. உனக்காக எனக்கு ரோஷமா இருந்துச்சு, சத்தியமா. மூணாவது தடவை அண்ணன் மோட்டார் பக்கமே போகல. பேனலைத் திறந்து, மோட்டாருக்குக் கரன்ட்டைச் சேர்த்து விடுற கான்டாக்டரைக் கழட்டினார். மூணு கான்டாக்ட்ல ஒண்ணு அரிச்சு, கரி பிடிச்சு, தொட்டும் தொடாம இருக்கு. சரி, ஒரு ஃபேஸ் போனா, கரன்ட் ஜாஸ்தி ஆகுறப்ப மோட்டாரை நிறுத்துற ஓவர்லோட் ரிலே தூக்கி விட்டிருக்கணுமே? அதை யாரோ புண்ணியவான் அடிக்கடி ட்ரிப் ஆகுதுன்னு கடைசி வரைக்கும் திருகி ஏத்தி வச்சிருக்கான். காவக்காரனுக்குத் தூக்க மாத்திரை குடுத்த மாதிரி. இனிமே ரெண்டு தடவை ஒரே மோட்டார் வந்தா கஸ்டமர்கிட்ட இந்தக் கான்டாக்டரும் ரிலேயும் இருக்குற ஸ்டார்ட்டரைப் பார்க்கச் சொல்லு.

இப்ப நான் பட்ட அசிங்கத்தைச் சொல்றேன்.

மூணாவது லைன்ல ஒரு கேன்ட்ரி இருக்கு. மேல தண்டவாளம் மாதிரி ஓடி, பீஸை எடுத்து மிஷின்ல வச்சுட்டு வரும். அது ஷிஃப்டுக்கு ரெண்டு தடவை, மூணு தடவை பாதியில நின்னுடும். பீஸைப் பிடிக்கிற கிரிப்பரோட சென்சார் அலாரம். ரீசெட் அடிச்சா ஓடும். அண்ணன் லீவுல இருந்த வாரம் அது. நான் பெரிய இவன் மாதிரி சென்சாரை மாத்தினேன். ஓடுச்சு. ரெண்டு மணி நேரம் கழிச்சு நின்னுச்சு. கனெக்டரை மாத்தினேன். மறுநாளும் நின்னுச்சு. கேபிளை மீட்டர் வச்சுப் பார்த்தேன், கம்பி அறுபடாம இருந்தா வர்ற கன்டினியூட்டி சத்தம் பீப் பீப்னு நல்லா அடிக்குது. அப்ப கேபிளும் சரி. மிச்சம் மிஷினை ஓட்டுற கம்ப்யூட்டர் மாதிரி இருக்குற பிஎல்சியோட இன்புட் கார்டுதான்னு முடிவு பண்ணி, ஸ்டோர்ல இருந்து கார்டு வாங்க இன்டென்ட் எழுதிக் கையெழுத்துக்குக் கொண்டுபோயிட்டேன். அது என்ன விலைன்னு அப்ப எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா கை நடுங்கியிருக்கும்.

அன்னைக்குப் பார்த்து அண்ணன் வந்துட்டார். இன்டென்ட்டை வாங்கி மடிச்சு சட்டைப் பையில போட்டார். பீஸ் போடுற ஒரு காலி பெட்டியைக் கவுத்துப் போட்டு கேன்ட்ரிக்கு எதிர்ல உட்கார்ந்தார். இருபது நிமிஷம் சும்மா பார்த்துட்டு இருந்தார். எனக்கு உள்ளுக்குள்ள எரியுது, லைன் நின்னா எங்களைத்தானே கேட்பாங்க. அப்புறம் எழுந்து போய் ஆபரேட்டர் அக்காகிட்ட, "எந்த இடத்துல நிக்குதும்மா?"ன்னு கேட்டார். அந்தக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கல. "எப்பவும் மூணாவது பேலட்டுக்குப் போறப்பதான் சார். இந்தத் தம்பி என்னைக் கேட்கவே இல்லையே."

கேன்ட்ரியை மேனுவல்ல போட்டு ஆமை வேகத்துல நகர்த்தச் சொன்னார். என் கண்ணு பிஎல்சி இன்புட் லைட்ல இருக்கணும்னார். சின்னப் பச்சை லைட்டு, கடுகு அளவு. நகருது, நகருது, மூணாவது பேலட்டுக்கு முன்னால ஒரு கண் சிமிட்டல். அவ்வளவுதான், மறுபடி எரியுது. அங்கயே நிறுத்தி எமர்ஜென்சியை அமுக்கிட்டு, கேபிளைச் சுமந்துக்கிட்டு கூடவே மடங்கி ஓடுற டிராக் செயினைப் பிரிச்சார். வளையுற இடத்துல கேபிளை ரெண்டு விரலால லேசா மடக்கினார், லைட் அணைஞ்சுது. விட்டார், எரிஞ்சுது. வெளியில ரப்பர்ல ஒரு கீறல் இல்ல. உள்ள செம்பு அறுந்து, நேரா இருக்குறப்ப ஒண்ணையொண்ணு தொட்டுக்கிட்டு, வளையுறப்ப விட்டுக்குது. நான் மீட்டர் வச்சது கேன்ட்ரி ஹோம்ல, அதாவது கிளம்புற இடத்துல நின்னப்ப. அங்க கேபிள் நேரா கிடக்கும், பீப் அடிக்காம என்ன செய்யும்?

அதுலயும் ஒரு உள்கதை. டிராக் செயினுக்குன்னு தனியா வளைஞ்சு கொடுக்குற கேபிள் இருக்கு. முன்னாடி ஏதோ ஒரு ராத்திரி பிரேக்டவுன்ல கையில கிடைச்ச சாதா கேபிளை எவனோ போட்டுட்டுப் போயிருக்கான். அன்னைக்கு லைன் ஓடியிருக்கும், அவனுக்கு சபாஷும் கிடைச்சிருக்கும். பலன் எனக்கு.

அண்ணன் திட்டவே இல்ல. "ரெண்டு மாத்தியிருக்க, எத்தனை பார்த்த?"ன்னு மட்டும் கேட்டார். அந்தக் கேள்வி ஒரு வாரம் சோத்துல கல்லு மாதிரி பல்லுல பட்டுக்கிட்டே இருந்துச்சு.

இதை நான் மறந்து நிம்மதியா இருக்கலாம்னு பார்த்தா, அடுத்த மாசம் பூட்டுக் கதை. இங்க எந்த மிஷின்ல கை வச்சாலும் முதல்ல மெயின் ஸ்விட்சை ஆஃப் பண்ணி, அதுல அவனவன் பூட்டை அவனவன் போடணும். நாலு பேர் வேலை செஞ்சா நாலு பூட்டு. என் பூட்டு சிவப்பு, போட்டோ ஒட்டின அட்டை தொங்கும். சாவி ஒண்ணே ஒண்ணு, அவனவன் பாக்கெட்ல. பூட்டினதோட விட மாட்டாங்க. மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற டிரைவ் இருக்குற பேனல்னா அஞ்சு நிமிஷம் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். 415 வோல்ட் சப்ளை, உள்ள இருக்குற கெப்பாசிட்டர்ல டிசி 580-க்கு மேல நிக்கும், ஆஃப் பண்ணினதும் அது போயிடாது. மீட்டர் வச்சு இல்லைன்னு பார்த்த பிறகுதான் தொடணும்.

சனிக்கிழமை ஹைட்ராலிக் பிரஸ்ல பிஎம், அதாவது பழுது வர்றதுக்கு முன்னாடியே பண்ற பராமரிப்பு. சீல் மாத்தி, ஃபில்டர் மாத்தி, ஒன்றரை மணிக்கு முடிஞ்சுது. மத்தவங்க பூட்டைக் கழட்டுனாங்க. நான் டூல்ஸை எண்ணி ரேக்ல வச்சுட்டு, கையைக் கழுவிட்டு, ஏ ஷிஃப்ட் பஸ்ஸைப் பிடிச்சு ஜன்னல் சீட்ல தூங்கிட்டேன். மத்திகிரி பக்கத்துல போன். "டேய், உன் பூட்டு தொங்குது, ஆள் எங்கே?" பாக்கெட்டைத் தொட்டேன். சாவி இருக்கு. வயித்துல என்னமோ கழண்டு விழுந்துச்சு.

ஷிஃப்ட் இன்சார்ஜ் பூட்டை அறுத்துடலாம்னு குதிச்சிருக்கார். அறுக்கலாம்தான், அதுக்கு ஆள் உள்ள இல்லைன்னு உறுதி பண்ணி, எழுதிக் கையெழுத்துப் போடணும். அண்ணன், "பூட்டுக்காரன் வரட்டும்"னு பிரஸ் முன்னால நின்னுட்டாராம். நான் ஆட்டோவுக்கு 180 ரூபாய் அழுது போய்ச் சேர்றதுக்குள்ள அம்பது நிமிஷம் பிரஸ் நிக்குது, ப்ரொடக்ஷன்காரங்க எல்லாரும் என்னையே பார்க்குறாங்க. பூட்டைக் கழட்டப் போனேன். "இரு"ன்னு சொல்லி, பீஸை அழுத்துற மேல் அச்சு, அதான் மேல் டை, இறங்காம முட்டுக் குடுக்குற சேஃப்டி பிளாக் வைக்கச் சொல்லிட்டு, என்னை பிரஸ் பக்கத்துல கூட்டிட்டுப் போனார். ரெண்டு டைக்கும் நடுவுல தலையைக் குனிஞ்சு மேல பார்க்கச் சொன்னார். மேல் டை என் தலைக்கு மேல, இரும்பு வானம் மாதிரி. எண்ணெய்ச் சொட்டு ஒண்ணு கழுத்துல விழுந்துச்சு. "இப்ப வெளிய தொங்குறது உன் பூட்டு. அதை ஒருத்தன் அவசரத்துல அறுக்க வர்றான்னு வச்சுக்கோ"ன்னார். அப்புறம் தலையை எடுக்கச் சொன்னார். நான் போய்க் கழட்டினேன். திங்கட்கிழமை விளக்கக் கடிதம் எழுதிக் குடுத்தேன். அதுல எழுத்துப் பிழை இருக்குன்னு ஹெச்ஆர் திருப்பி எழுதச் சொன்னது தனிக் கதை.

சரி, தம்பி விஷயம். டெலிவரிக்குப் போனா முதல் மாசமே என்னைவிட ஜாஸ்தி சம்பாதிப்பான், அதை மறைக்க வேண்டாம். 2019-ல போட்ட விதியில ஐடிஐ முடிச்சவனுக்குக் குறைஞ்சபட்ச உதவித்தொகை 7,000 ரூபாய்னு இருந்துச்சு. எங்க இடத்துல அதுக்கு மேல கொஞ்சம் வருது, கேன்டீனும் பஸ்ஸும் இருக்குறதால வண்டி ஓடுது. வீட்டுக்கு அனுப்ப மிஞ்சாது. ஒரு வருஷம் முடிஞ்சதும் வேலை குடுத்தே ஆகணும்னு சட்டத்துல கட்டாயம் இல்ல, ஒப்பந்தத்துல எழுதியிருந்தாத்தான். அப்ரண்டிஸ் சட்டம் 1961-லேர்ந்தே நம்மளை தொழிலாளின்னு சொல்லல, பயிற்சியாளர்னுதான் சொல்லுது. இதெல்லாம் உன் அம்மாகிட்டயும் சொல்லிடு, அப்புறம் "கம்பெனி வேலை"ன்னு தெருவெல்லாம் சொல்லிட்டு வருத்தப்படக் கூடாது. ஆனா பாதுகாப்பு விஷயத்துல தொழிலாளிக்கு உள்ளது அவனுக்கும் உண்டு. ஷூ, கண்ணாடி குடுக்கலைன்னா கேட்கலாம், கேட்கணும்.

அவனுக்கு பொருளைப் பிரிச்சுப் பார்க்குற புத்தி இருக்கான்னு மட்டும் பாரு. சின்ன வயசுல உங்க வீட்டு ரேடியோவைப் பிரிச்சு மாட்டத் தெரியாம முழிச்சது அவன்தானே? அப்படின்னா அனுப்பு. சேர்ற இடத்துல மெயின்டனன்ஸ்னு தனி டிபார்ட்மென்ட் இருக்கா, மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் ரெண்டுலயும் மாத்தி விடுவாங்களான்னு கேட்கச் சொல்லு. லைன்ல நிறுத்துனா வாயைத் திறக்கச் சொல்லு. அப்ரண்டிஸ் போர்ட்டல்ல பதிவு பண்ண ஆதாரும் பேங்க் கணக்கும் ஒரே பேர்ல, ஒரே இனிஷியல்ல இருக்கணும். நான் இனிஷியலால ரெண்டு வாரம் அலைஞ்சேன். ஓசூர்னா ரூம்ல ஒரு பாய் போட இடம் இருக்கு, ஸ்வெட்டர் மட்டும் அவனே வாங்கிக்கணும்.

பொங்கலுக்கு லீவு சொல்லியிருக்கேன், கிடைச்சா போகிக்கு முதல் நாள் வருவேன். அதுக்குள்ள ஒரு உதவி. வீட்ல கிரைண்டர் சுத்த மாட்டேங்குது, உம்முனு சத்தம் மட்டும் வருது, கையால தள்ளி விட்டா ஓடுதுன்னு அம்மா சொன்னாங்க. கண்டென்சர்தான்னு தோணுது. ஆனா நீ ஒரு எட்டு நேர்ல போய்ப் பாரு, வாங்கிட்டுப் போகாத. அம்மாகிட்ட எப்பலேர்ந்து, எவ்வளவு அரிசி போட்டாங்கன்னும் கேளு. நான் போன்ல கேட்க மறந்துட்டேன்.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்