வராத கடல்காற்று

கடலூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள செல்வராசு,

உன் கடிதம் வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. கண்ணுக்கு ரொம்ப வேலை கொடுக்காதே. இதை மருமகளை விட்டு வாசிக்கச் சொல். எனக்கு முழங்கால்தான் பெரும்பாடு. ஆனாலும் சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரை வரை போய்விட்டுத்தான் வருகிறேன்.

நேற்று அங்கே உட்கார்ந்திருந்தபோது உன் ஞாபகம் வந்தது. துறைமுகத்தில் முப்பது வருஷம் கிடந்தவன் நீ, உனக்குத்தான் இது புரியும். 1783 ஜூனில் இந்தக் கடலில் ஆங்கிலேயர் ஒரு முற்றுகையைக் கோட்டை விட்டார்கள். ஊருக்குள் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி. தரையில் அவரை வளைத்திருந்தது ஆங்கிலேய ஜெனரல் ஸ்டுவர்ட்டின் படை. கடலை அடைத்து நின்றவர் ஆங்கிலேய அட்மிரல் ஹியூஸ், 18 போர்க்கப்பல்களோடு. திருகோணமலையிலிருந்து வந்த பிரெஞ்சு அட்மிரல் சஃப்ரெனிடம் இருந்ததோ 15தான்.

நானாக இருந்தால் அந்த இடத்தை விட்டு அசைந்திருக்கமாட்டேன். ஹியூஸுக்கோ காற்று வரும் பக்கம் நின்று அடிக்க வேண்டும் என்று ஆசை. கரையை விட்டு வெளிக்கடலுக்கு நகர்ந்தார். சஃப்ரென் பின்னாலேயே ஓடவில்லை. 17ஆம் தேதி ராத்திரி, ஹியூஸ் விட்டுப்போன இடத்தில் வந்து நங்கூரம் போட்டுவிட்டார்! பீரங்கிகளுக்கு ஆள் போதவில்லை என்று புஸ்ஸியிடம் 1,200 பேரைக் கடன் வாங்கினார். ஹியூஸ் காத்திருந்த கடல்காற்று வரவே இல்லை, அடித்ததெல்லாம் கரையிலிருந்து வீசும் மேல்காற்று. ஆனி மாதத்தில் சில நாள் கடல்காற்று எட்டிக்கூடப் பார்க்காது என்று இங்கே வலை உலர்த்துகிற யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

20ஆம் தேதி சாயங்காலம் நாலேகாலிலிருந்து ஆறரை வரை சண்டை. ஒரு கப்பலும் மூழ்கவில்லை, பிடிபடவும் இல்லை. இரு பக்கமும் சுமார் நூறு நூறு பேர் செத்தார்கள். ஆனால் ஹியூஸின் மாலுமிகளுக்கு ஸ்கர்வி (பழம், காய்கறி கிடைக்காமல் வரும் நோய்), குடிதண்ணீரும் தீர்ந்துகொண்டிருந்தது. சென்னைக்குத் திரும்பிவிட்டார். கடல் வழி வரும் சாமான்களை நம்பியிருந்த ஸ்டுவர்ட்டின் படை அம்போ என்று நின்றது. சஃப்ரென் கரையில் 2,400 பேரை இறக்கினார். வாங்கிய ஆளைத் திருப்பிக் கொடுத்து, வட்டிக்கும் ஆளாகவே கட்டிய மனுஷன்!

என்னை உறுத்துவது வேறு. பிரான்சில் வெர்சாயில் ஜனவரி 20ஆம் தேதியே இரு நாட்டுக்கும் பூர்வாங்க சமாதான உடன்படிக்கை கையெழுத்தாகியிருந்தது. அந்தச் சேதி சமாதானக் கொடியோடு இங்கே வந்து சேர்ந்தது ஜூன் 29. அந்த இருநூறு பேரும் செத்து ஒன்பது நாள் கழித்து. அலையைப் பார்த்தபடி அதையே யோசித்துக்கொண்டிருந்தேன், இருட்டியதே தெரியவில்லை. வீட்டில் நல்ல திட்டு.

சரி, பொங்கல் கழித்து வா. புனித டேவிட் கோட்டையில் மிச்சமிருப்பதைக் காட்டுகிறேன். வெள்ளைக்காரர்கள் 1690இல் கோட்டையை வாங்கியபோது பீரங்கி சுட்டு, குண்டு விழுந்த தூரம்வரை தங்கள் எல்லை என்றார்களே, அந்தக் குண்டு கிராமங்களுக்கும் போகலாம். ஆட்டோவில்தான், நடக்க முழங்கால் விடாது.

அன்புடன்,
நடராசன்