ஆட்டக் கணக்கு

கோவில்பட்டி
15.6.2025

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். முழங்கால் வலி மட்டும் வழக்கம்போல இருக்கிறது. பேரன் என்னிடம் இருந்துவிட்டுப் பூனா திரும்பிய அன்று, அவனுடைய போன் விளையாட்டைப் பற்றி நீ கோபமாகப் பேசியபோது நான் பாதியில் போனை வைத்துவிட்டேன். எனக்குக் கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம் இல்லை, பதில் தோன்றாமல்தான் வைத்தேன். முப்பத்து மூன்று ஆண்டு கரும்பலகையில் எழுதிப் பழகிய கை இது. பேசுவதைவிட எழுதுவதுதான் எனக்கு எளிது.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். மே மாதம் முழுக்க நீ இரவு ஒன்பதரைக்குக் கூப்பிட்டுக் கேட்கும்போதெல்லாம் "தூங்கிவிட்டான்" என்றேனே, அதில் பாதி நாள் பொய். அவனுடைய டேப்லெட்டை நீ பூனாவிலேயே அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு அனுப்பினாய். ஆச்சியிடம் ஒரு போன் இருப்பதை மறந்துவிட்டாய். வந்த இரண்டாம் நாளே அந்த விளையாட்டை அதில் ஏற்றிவிட்டான். நீ கூப்பிட்டால் அவன் ஆட்டம் தடைபடும். முகத்தைச் சுளித்துக்கொண்டே போனை என் கையில் தருவான். நான் "தூங்கிவிட்டான்" என்பேன். அவன் எதிரே நின்று, சீக்கிரம் முடி என்று சைகை காட்டுவான். பேரனும் ஆச்சியும் சேர்ந்து செய்த களவு இது. அவனை மட்டும் திட்டாதே.

உன் கோபத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. மார்ச் மாதம் உன் கார்டிலிருந்து எண்பது எண்பதாக 2,320 ரூபாய் போயிருக்கிறது. இருபத்தொன்பது தடவை! பதினொரு வயதுப் பையன், ஒரு தடவைகூட உன்னிடம் கேட்கவில்லை. எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் எதற்கு என்று அவனிடம் விசாரித்தேன். "வைரம்" என்றான். விளையாட்டில் வரும் வீரனுக்குச் சட்டை வாங்குகிற வைரமாம். அந்தச் சட்டை போட்டால் பலம் கூடுமா என்று கேட்டேன். கூடாதாம். சும்மா வருகிற சட்டையோடு போனால் மற்ற பையன்கள் கேலி செய்கிறார்களாம். ஏழாம் வகுப்பில் நீ கான்வாஸ் ஷூவுக்காக இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தது எனக்கு நினைவு வந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை, பயப்படாதே.

இப்போது திண்ணையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அவன் வந்த முதல் வாரம். இரவு எட்டரை மணி. ரசம் சாதம் பிசைந்து தட்டில் வைத்து மூன்று முறை கூப்பிட்டுவிட்டேன். "இதோ ஆச்சி, இதோ ஆச்சி" என்கிறானே தவிர அசையவில்லை. நான்காம் முறை கூப்பிடவில்லை, நேராகப் போய்க் கையிலிருந்து போனைப் பறித்துவிட்டேன். காதில் மாட்டியிருந்த கருவி கழன்று தரையில் விழுந்தது. அதிலிருந்து "எங்கேடா போனாய், எங்கேடா போனாய்" என்று சின்னக் குரல்கள் கேட்டுக்கொண்டே இருந்தன. பையன் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு தேம்பினான். வெகுநேரம் கழித்துச் சொன்னான்: "என் கூட்டாளி அடிபட்டுக் கீழே கிடந்தான் ஆச்சி. தூக்கிவிடப் போய்க்கொண்டிருந்தேன். இனிமேல் என்னைச் சேர்க்க மாட்டார்கள்."

மறுநாள் பக்கத்தில் உட்கார்ந்து முழு ஆட்டத்தையும் பார்த்தேன். நீ ஒரு தடவையாவது அப்படிப் பார்த்திருக்கிறாயா? ஐம்பது பேர் பாராசூட்டில் குதிக்கிறார்கள். நான்கு நான்கு பேராக அணி. ஆடும் இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் இருக்கிறது. அது சுருங்கிக்கொண்டே வரும், வெளியே நிற்பவன் செத்தான். கடைசியில் எந்த அணி மிஞ்சுகிறதோ அது வென்றது. ஓர் ஆட்டம் பத்துப் பன்னிரண்டு நிமிடம். நடுவில் நிறுத்தி வைக்க வழியே கிடையாது. தனியாக ஆடுகிற பழைய விளையாட்டை நிறுத்திவிட்டுச் சாப்பிட்டு வந்து தொடரலாம். இதில் மூன்று பேர் அந்தப் பக்கம் காத்திருக்கிறார்கள், வட்டம் யாருக்காகவும் நிற்பதில்லை. "ஐந்து நிமிடத்தில் வை" என்று நாம் சொல்வது, பம்பரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது நூலைச் சுற்றி எடுத்து வை என்பது போல. அவனால் கீழ்ப்படியவே முடியாத கட்டளை அது. முடியாததைச் சொல்லிச் சொல்லி நம் சொல்லுக்கே மதிப்பில்லாமல் செய்துகொண்டோம்.

நீ அனுப்பிய செய்திகளை எல்லாம் படித்தேன். சீனாவில் 2021 செப்டம்பரிலிருந்து பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறும் அரசு விடுமுறையும் மட்டும், அதுவும் இரவு எட்டிலிருந்து ஒன்பது வரைதான் ஆடலாம் என்று சட்டமாமே. "அங்கே அரசாங்கமே செய்கிறது, நான் செய்தால் என்ன" என்று கீழே எழுதியிருந்தாய். அதே சீனாவில் பெரியவர்கள் பெயரிலுள்ள கணக்கில் பிள்ளைகள் ஆடுகிறார்கள் என்று, ராத்திரி ஆடுகிறவர் முகத்தைக் காட்டச் சொல்லும் ஏற்பாட்டையும் கொண்டுவர வேண்டி வந்தது. ஆச்சிகள் எல்லா ஊரிலும் ஆச்சிகள்தான் போலிருக்கிறது. தென் கொரியாவில் 2011 நவம்பரிலிருந்து பதினாறு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நள்ளிரவு முதல் காலை ஆறு வரை இணைய விளையாட்டைப் பூட்டி வைத்தார்கள். பிள்ளைகள் கணினியை விட்டுக் கைபேசிக்குப் போய்விட்டார்கள், அந்தப் பூட்டு கைபேசிக்குப் பொருந்தாது. 2022 தொடக்கத்தில் சட்டத்தையே எடுத்துவிட்டு, நேரத்தைப் பெற்றோரும் பிள்ளையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். நம் மாநிலத்தில் 2025 பிப்ரவரியில் நள்ளிரவு முதல் காலை ஐந்து வரை பூட்டு என்று வந்தது பணம் கட்டி ஆடும் ஆட்டங்களுக்கு. அந்த விதிகள் செல்லும் என்று இந்த மாதம்தான் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது வேண்டியதுதான், ரம்மியில் குடும்பத்தையே தொலைத்தவர்களை நாம் அறியாததா. ஆனால் அதையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பாதே.

இன்னொன்று. அவன் காதுபட "அடிமை", "அடிமை" என்று சொல்கிறாயாம். அந்த வார்த்தையை விட்டுவிடு. உலக சுகாதார நிறுவனம் இதை ஒரு கோளாறாக நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது, 2022 முதல் அந்தப் பட்டியல் நடைமுறையில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதில் இத்தனை மணி நேரம் என்ற கணக்கே இல்லை. கட்டுப்பாடு கைவிட்டுப் போவது, மற்ற எல்லாவற்றுக்கும் மேலே ஆட்டமே முதலாவதாக நிற்பது, கெடுதல் வந்தும் விடாமல் தொடர்வது, இவை ஏறக்குறைய ஓர் ஆண்டு நீடித்தால்தான் அந்தப் பெயர். இந்தப் பையன் காலையில் என்னோடு பூ பறிக்க வருகிறான், மாமா தோட்டத்துக் கிணற்றில் இறங்கினால் ஏற மாட்டேன் என்கிறான். அவனுக்கு அந்தப் பெயர் வேண்டாம். அப்படி ஒரு நிலை வந்தால் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதல் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது, கூச்சப்படாமல் போகலாம். இப்போது அவசியம் இல்லை.

சரி, உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். 1996-இல் மெயின் ரோட்டில் அண்ணாச்சி ஒருவர் நான்கு டிவிப் பெட்டிகளை வைத்து வீடியோ கேம் கடை போட்டிருந்தாரே, மணிக்குப் பத்து ரூபாய். அப்பா சட்டைப் பையிலிருந்து ஐந்தும் பத்துமாக எடுத்துக்கொண்டு போய் மாரியோ ஆடினாய். பிடிபட்ட அன்று அப்பா பெல்ட்டை எடுத்தார். நான் அடுக்களை வாசலில் நின்றேன். தடுக்கவில்லை. அந்த இரண்டு அடி எடுத்து வைக்காததை இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன். சரி, அது வேறு கதை.

அடுத்த வாரம் பள்ளி விட்டு வரும் வழியில் அந்தக் கடைக்குப் போனேன். அண்ணாச்சி கையில் பத்து ரூபாய் கொடுத்து, "ஞாயிற்றுக்கிழமை என் மகனுக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் எழுப்பி அனுப்பிவிட வேண்டும்" என்றேன். "டீச்சர் சொன்னால் சரி" என்று தலையை ஆட்டினார். எட்டு மாதம் வாரந்தவறாமல் கொடுத்தேன். உனக்கு அவர் ஓசியில் விட்டதாக நீ நினைத்திருந்தாய். அது தெரியும். எனக்குத் தெரியாமல் போனது, உன் மணி முடிந்த பிறகு உன்னிடம் தனியாகக் காசு வாங்கி இன்னும் ஒரு மணி நேரம் உட்கார வைத்தார் என்பது. உன் கல்யாணத்துக்கு வந்தபோது அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். என் காசையும் வாங்கிக்கொண்டார், உன் காசையும் வாங்கிக்கொண்டார். கடைக்காரரிடமே வரம்பை ஒப்படைத்த என் புத்தியை என்ன சொல்ல.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நீயும் அதே காரியத்தைத்தான் செய்கிறாய். விளையாட்டிலேயே வரம்பு இருக்கிறது, அதைப் போட்டுவிட்டேன் என்கிறாய். இந்த வகை விளையாட்டு ஒன்று 2021-இல் நம் நாட்டில் வெளியானபோது, பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு நாளைக்கு மூன்று மணி நேரம், ஏழாயிரம் ரூபாய் என்று தானே வரம்பு அறிவித்தது. நாளைக்கு ஏழாயிரம்! நான் வேலையில் சேர்ந்தபோது ஓர் ஆண்டுச் சம்பளத்தைக் கூட்டினாலும் அவ்வளவு வந்திருக்காது. விற்பவர் போடும் வரம்பு விற்பவருக்கு வசதியாகத்தான் இருக்கும். தினமும் வந்து எட்டிப் பார்த்தால் ஒரு பரிசு, ஒரு நாள் வராவிட்டால் வரிசை அறுந்துபோகும் என்று அதிலேயே வைத்திருக்கிறார்கள். நம் பையன் காய்ச்சலில் படுத்திருந்த அன்றுகூட அந்தப் பரிசை எடுக்க எழுந்து உட்கார்ந்தான்.

நான் இங்கே என்ன செய்தேன் என்று கேள். அந்தத் திண்ணைச் சம்பவத்துக்குப் பிறகு நிமிடக் கணக்கை விட்டுவிட்டேன். ஆட்டக் கணக்குக்கு வந்தோம். நாளைக்கு எத்தனை என்று அவனையே கேட்டேன். பத்து என்றான். நான் இரண்டு என்றேன். கத்தரிக்காய் பேரம் போல நான்கில் வந்து நின்றது. இரவு ஒன்பதரைக்கு மேல் புதிய ஆட்டம் தொடங்கக் கூடாது. தொடங்கியது முடியும்வரை நான் கூப்பிடக் கூடாது, இது எனக்கான விதி, அவன் போட்டது. தினசரி காலண்டரில் அன்றன்று கிழிக்கும் தாளின் பின்பக்கம் ஆட்டத்துக்கு ஒரு கோடு அவன் கையாலேயே போட வேண்டும்.

மூன்று நாள் ஒழுங்காகப் போட்டான். நான்காம் நாள் கோடு நான்கு, ஆட்டம் ஆறு. நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. படுக்கும்போது அவனே எழுந்து போய் மேலும் இரண்டு கோடு போட்டுவிட்டு வந்தான். அதற்கு மறுநாள் "ஆச்சி, நாளைக்கு உரியதில் ஒன்று கடன் தருகிறாயா" என்று கேட்டான். தருகிறேன், வட்டி உண்டு, இன்று ஒன்று வாங்கினால் நாளைக்கு இரண்டு கழியும் என்றேன். விரலை மடக்கிக் கணக்குப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று எழுந்து போனான். எப்போதும் அப்படி எழுந்து போனான் என்று நினைக்காதே. வட்டிக்கு வாங்கிய நாட்களும் உண்டு. பதினேழாம் தேதி சண்டை போட்டுச் சாப்பிடாமல் படுத்தான், நானும் சாப்பிடவில்லை, இருவரும் நடுராத்திரி எழுந்து பழைய சோறு தின்றோம்.

அங்கே உன் வீட்டில் என்ன செய்வது என்பதை நீயும் மருமகளும் பேசி முடிவு செய்யுங்கள், நான் தலையிட மாட்டேன். கார்டை மட்டும் அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடு. வாங்குவது எதுவானாலும் உன் போனுக்கு அனுமதி கேட்டு வரும்படி வைக்கலாமாமே, எதிர்வீட்டுப் பெண் காட்டினாள். காதில் பேசுகிறவர்கள் யார் யார் என்று கேட்டு வைத்துக்கொள். இங்கே மூன்று பேரில் இருவர் அவன் வகுப்புத் தோழர்கள், ஒருவன் யாரென்று அவனுக்கே தெரியவில்லை, குரல் மட்டும் பெரிய ஆள் குரல். அந்த ஆளோடு வேண்டாம் என்றேன், அதற்கு மட்டும் பேரம் கிடையாது என்றும் சொல்லிவிட்டேன். ராத்திரி போன்கள் எல்லாம் கூடத்தில் சார்ஜ் ஏறட்டும். எல்லாம் என்றால் உன்னுடையதும்தான். போன வருடம் அங்கே இருந்தபோது நான் பார்த்தேன், சாப்பாட்டு மேசையில் நீ அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்ததைவிட உன் அலுவலகச் செய்திகளைப் பார்த்ததுதான் அதிகம்.

உங்கள் குடியிருப்பில் கீழே ஒரு பலகை இருக்கிறதே, பந்து விளையாடக் கூடாது என்று மூன்று மொழிகளில் எழுதி வைத்தது. அதைப் பற்றிச் சங்கக் கூட்டத்தில் யாராவது பேசினால் நன்றாக இருக்கும். நீ பேசு.

கடலைமிட்டாய் ஒரு கிலோ தனியாக அனுப்பியிருக்கிறேன். காலண்டர் தாள்கள் இருபத்திரண்டும் இந்த உறையிலேயே இருக்கின்றன. திருத்தாமல் அப்படியே வைத்திருக்கிறேன், அவன் கூடவே உட்கார்ந்து எண்ணிப் பார். ரயில் ஏறிய அன்று மூன்று ஆட்டம் எனக்குப் பாக்கி. அதை அங்கே நீ கழித்துக்கொள்ள வேண்டும், வட்டி வேண்டாம் என்று அவனிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
அம்மா